வேகமான தொலைநோக்கியில் குறுகிய பட்டை ஃபில்டர்: நெபுலா படமெடுக்கத் தொடங்குவோருக்கு

நகர வெளிச்சத்தில் அண்ணாந்து பார்த்தால் விரல்விட்டு எண்ணக்கூடிய நட்சத்திரங்கள்தான் தெரியும். அதே வானில் ரோசெட் நெபுலா என்ற வாயு, தூசி மேகம் முழு நிலவின் அகலத்தைப்போல் இரண்டு மடங்குக்கும் மேலாக விரிந்து கிடக்கிறது. அது கண்ணுக்குப் படாமல் போவதற்குக் காரணம் அளவு சிறியது என்பதல்ல. அதன் ஒளி மிக மெலிதாகப் பரவியிருக்கிறது, அதன்மேல் விளக்குகளின் வெளிச்சமும் படர்ந்துவிடுகிறது. இந்த இரண்டையும் தாண்ட இரண்டு கருவிகள் இருக்கின்றன. மெலிந்த ஒளியை விரைவாகச் சேர்க்கும் தொலைநோக்கி ஒன்று, வேண்டாத ஒளியைத் தடுத்து நிறுத்தும் ஃபில்டர் இன்னொன்று.

இரண்டும் தனித்தனியே அருமையானவை. ஆனால் சேர்த்துப் பயன்படுத்தும்போது ஒன்றுக்கொன்று இடைஞ்சல் செய்யும். தொடங்குகிறவர்கள் பலர் பணம் செலவழித்த பிறகுதான் இதைத் தெரிந்துகொள்கிறார்கள். அதனால் இந்தக் கட்டுரையில் அந்த இடைஞ்சலைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறேன். மற்றவற்றுக்கு எளிதாக உதவி கிடைத்துவிடும்.

ஒளிர்வது எது?

சூடான இளம் நட்சத்திரங்களின் புற ஊதாக் கதிர்கள் சுற்றியுள்ள வாயுவை அயனியாக்குகின்றன. அந்த வாயு தானே ஒளிர்கிறது. இவற்றை உமிழ்வு நெபுலாக்கள் என்கிறோம். இவற்றின் ஒளி எல்லா நிறங்களிலும் பரவியிருக்காது, குறிப்பிட்ட சில அலைநீளங்களில் மட்டும் குவிந்திருக்கும். ஹைட்ரஜன் ஆல்பா 656.3 நானோமீட்டரில் இருக்கிறது. இருமுறை அயனியான ஆக்சிஜன், அதாவது நாம் ஓ-3 என்று சொல்வது, 495.9 மற்றும் 500.7 நானோமீட்டரில். எஸ்-2 எனப்படும் அயனியான கந்தகம் 671.6 மற்றும் 673.1 நானோமீட்டரில்.

இதை முதலில் கண்டவர் வில்லியம் ஹக்கின்ஸ். 1864-இல் பூனைக்கண் நெபுலாவின் ஒளியை நிறமாலையாகப் பிரித்துப் பார்த்தபோது, நட்சத்திரங்களில் தெரிவதுபோல் தொடர்ச்சியான பட்டை தெரியவில்லை. தனித்தனியாகச் சில பிரகாசமான கோடுகள்தான் இருந்தன. அவற்றில் ஒரு பச்சைக் கோடு அன்று தெரிந்த எந்தத் தனிமத்துக்கும் பொருந்தவில்லை. 'நெபுலியம்' என்ற புதுத் தனிமம் இருப்பதாகவே நினைத்தார்கள். அது மிக மிக அடர்த்தி குறைந்த வாயுவில் ஆக்சிஜன் உமிழும் ஒளிதான் என்று 1927-இல் ஐரா போவன் விளக்கினார். இன்று ஓ-3 ஃபில்டரைப் பொருத்தும்போது நாம் பிடிப்பது அதே பச்சைக் கோட்டைத்தான்.

கண்ணுக்குத் தெரியும் ஒளி ஏறக்குறைய 400 முதல் 700 நானோமீட்டர் வரை பரந்திருக்கிறது. அதில் 3 நானோமீட்டரை மட்டும் விடும் ஃபில்டர், பரந்த நிறமாலை கொண்ட வான வெளிச்சத்தில் நூறில் ஒரு பங்கு அளவுக்குத்தான் உள்ளே விடும். நெபுலாவின் கோடு மட்டும் ஏறத்தாழ முழுசாகக் கடந்துவிடும். சோடியம், பாதரச விளக்குகளைக் குறிவைத்துச் செய்த பழைய ஒளிமாசு ஃபில்டர்கள் எல்இடி விளக்குகளின் பரந்த வெளிச்சத்துக்கு முன்னால் திணறுகின்றன. குறுகிய பட்டை ஃபில்டருக்கு அந்தச் சிக்கல் பெரிதாக இல்லை.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். கார்த்திகைக் கூட்டத்தைச் சுற்றியுள்ள நீல மூட்டம் நட்சத்திர ஒளியைப் பிரதிபலிக்கும் தூசி. அது தானாக ஒளிர்வதில்லை. அங்கே குறுகிய பட்டை ஃபில்டர் போட்டால் நெபுலாவையே வெட்டி எறிந்ததாகிவிடும். கருந்தூசி மேகங்களுக்கும் கேலக்ஸி எனப்படும் விண்மீன் மண்டலங்களுக்கும் இதுவே கதை. அவற்றுக்கு இருண்ட வானத்தைத் தேடித்தான் போக வேண்டும், குறுக்குவழி இல்லை.

வேகம் என்பது

குவியத்தூரத்தை விட்டத்தால் வகுத்தால் எஃப் விகிதம் கிடைக்கும். 203 மி.மீ. விட்டமும் 400 மி.மீ. குவியத்தூரமும் உள்ள தொலைநோக்கி எஃப்/2. பரந்து கிடக்கும் நெபுலாவிலிருந்து சென்சாரின் ஒவ்வொரு பிக்சலிலும் விழும் ஒளி, எஃப் எண்ணின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் மாறும். எஃப்/4-ஐவிட எஃப்/2 நான்கு மடங்கு வேகம், எஃப்/7-ஐவிடப் பன்னிரண்டு மடங்கு. அங்கே ஓர் இரவு முழுக்கச் சேர்க்கும் ஒளி இங்கே ஒரு மணி நேரத்துக்குள் பிக்சலில் விழுந்துவிடும்.

இந்தக் கணக்குக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. வேகமான தொலைநோக்கியின் குவியத்தூரம் பொதுவாகக் குறைவு, அதனால் படத்தின் அளவும் சிறியது. 400 மி.மீ. குவியத்தூரத்தில் 3.76 மைக்ரான் பிக்சல் உள்ள கேமராவை வைத்தால் ஒரு பிக்சல் வானத்தில் 1.94 விகலையைப் (ஒரு டிகிரியில் 3600-இல் ஒரு பங்குதான் விகலை) பார்க்கும். லைரா மண்டலத்தின் வளைய நெபுலா அதில் நாற்பது பிக்சல் சொச்சத்துக்குள் அடங்கிவிடும், பெரிதாக்கிப் பார்த்தாலும் விவரம் கிடைக்காது. ஆனால் ஏபிஎஸ்-சி எனப்படும் நடுத்தர அளவுச் சென்சாரில் பார்வைப் பரப்பு ஏறக்குறைய 3.4 டிகிரிக்கு 2.2 டிகிரி. ரோசெட் நெபுலா தாராளமாக அடங்கும். வட அமெரிக்க நெபுலாவும் பக்கத்தில் இருக்கும் பெலிக்கன் நெபுலாவும் ஒரே சட்டத்தில் வந்துவிடும். வேகமான தொலைநோக்கி பெரிய நெபுலாக்களுக்கானது.

முதல் தொலைநோக்கியாக எஃப்/2 வாங்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஏன் என்பது அடுத்த பகுதிகளில் தெரியும். எஃப்/4 முதல் எஃப்/5 வரை, 250 முதல் 400 மி.மீ. குவியத்தூரம் உள்ள சிறிய ரிஃப்ராக்டர், அதாவது லென்ஸ் வைத்த தொலைநோக்கி, தொடங்குவதற்கு நல்லது. எஃப்/2 ஏற்கெனவே கையில் இருக்கிறது என்றால் ஒதுக்கி வைக்க வேண்டியதில்லை. பொறுமையை மட்டும் கூடக் கொஞ்சம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபில்டர் வாங்கும் முன்

இங்கேதான் வேகமும் குறுகலும் மோதுகின்றன.

இந்த ஃபில்டர்கள் சாயக் கண்ணாடிகள் அல்ல. கண்ணாடியின்மேல் பல மெல்லிய அடுக்குகளைப் படியவைத்து, ஒளி அலைகளின் குறுக்கீட்டால் வேலை செய்பவை. ஒளி நேராக, செங்குத்தாக விழும்போதுதான் பெட்டியில் அச்சிட்ட அலைநீளத்தை அவை கடத்தும். சாய்ந்து விழுந்தால் கடத்தும் பட்டை நீலப் பக்கமாக நகரும். சாய்வு கூடக் கூட நகர்வும் வேகமாகக் கூடும்.

எஃப்/5 தொலைநோக்கியில் ஒளிக்கூம்பின் விளிம்புக் கதிர் ஏறக்குறைய 5.7 டிகிரி சாய்ந்து வருகிறது. எஃப்/4-இல் 7 டிகிரி, எஃப்/2-இல் 14 டிகிரி. ஃபில்டர் அடுக்குகளின் சராசரி ஒளிவிலகல் எண்ணை 2 என்று வைத்துக்கொண்டால், ஹைட்ரஜன் ஆல்பாவில் இந்தச் சாய்வுகளுக்கான நகர்வு முறையே 0.8, 1.3, 4.8 நானோமீட்டர் வருகிறது. கடைசி எண்ணைக் கவனியுங்கள்.

656.3-இல் சரியாக மையம் கொண்ட 3 நானோமீட்டர் ஃபில்டரை எஃப்/2-இல் போட்டால் என்ன ஆகும்? மையத்திலிருந்து இரு பக்கமும் அதற்கு இருக்கும் இடம் 1.5 நானோமீட்டர்தான். விளிம்புக் கதிருக்குப் பட்டை 4.8 நானோமீட்டர் நகர்ந்துபோனதால் ஹைட்ரஜன் கோடு முழுக்க வெளியே நின்றுவிடும். கணக்குப் போட்டுப் பார்த்தால், தொலைநோக்கி முகப்பின் மொத்தப் பரப்பில் நடுவிலுள்ள மூன்றில் ஒரு பங்கு வழியாக வரும் ஒளிதான் ஃபில்டரைக் கடக்கும். எஃப்/2 வடிவமைப்புகளில் கேமரா முகப்பின் நடுவே உட்கார்ந்து மறைப்பதும் அதே நடுப்பகுதியைத்தான். மிஞ்சுவது ஒரு மெல்லிய வளையம். விலை கொடுத்து வாங்கிய விட்டத்தின் பெரும்பகுதி வீணாகிவிடும். படத்தில் நெபுலா மங்கலாக வரும், நீங்களோ வானத்தைக் குறை சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

இதற்காகவே வேகமான தொலைநோக்கிகளுக்கென்று, பட்டையின் மையத்தைச் சிவப்புப் பக்கமாகச் சற்று முன்கூட்டியே நகர்த்திவைத்த ஃபில்டர்கள் வருகின்றன. பாடர் நிறுவனம் எஃப்/2 என்றே பெயரிட்டு விற்கிறது. ஆன்ட்லியா போன்ற நிறுவனங்களிடமும் 'ஹைஸ்பீட்' வகை உண்டு. எந்த எஃப் எண்ணிலிருந்து எந்த எஃப் எண் வரை என்பதை விவரத்தாளில் போட்டிருப்பார்கள். அந்த வரம்புக்குள் உங்கள் தொலைநோக்கி வருகிறதா என்று பார்த்த பிறகு மற்றதைப் பாருங்கள். எஃப்/2-க்கான ஃபில்டரை எஃப்/7-இல் போட்டாலும் இதே தொல்லைதான், திசை மட்டும் தலைகீழாக இருக்கும்.

எனவே என் அறிவுரை இதுதான்: நானோமீட்டர் எண் எவ்வளவு சிறியது என்று போட்டி போட்டு வாங்காதீர்கள். எஃப்/4 முதல் எஃப்/5 வரை இருந்தால் 5 முதல் 7 நானோமீட்டர் ஃபில்டர் நிம்மதியாக வேலை செய்யும். 3 நானோமீட்டரும் பெரும்பாலும் சரிவரும். எஃப்/3-க்குக் கீழே போனால் ஹைஸ்பீட் வகையைத் தவிர வேறு எதையும் யோசிக்க வேண்டாம்.

அடுத்த கேள்வி, வண்ணக் கேமராவா மோனோவா (நிறம் பிரிக்காத கறுப்பு வெள்ளைக் கேமராவா) என்பது. வண்ணக் கேமராவுக்கு ஹைட்ரஜன் ஆல்பாவையும் ஓ-3-ஐயும் ஒரே நேரத்தில் விடும் இரட்டைப் பட்டை ஃபில்டர் ஒன்றே போதும். சென்சாரின் சிவப்புப் பிக்சல்கள் ஹைட்ரஜனைப் பிடிக்கும், பச்சையும் நீலமும் ஆக்சிஜனைப் பிடிக்கும். ஆனால் நான்கில் ஒரு பிக்சல்தான் சிவப்பு என்பதால் ஹைட்ரஜன் ஒளியில் முக்கால்வாசி வீணாகும். மோனோவில் எல்லாப் பிக்சலும் வேலை செய்யும், அதற்குப் பதிலாக ஃபில்டர்களை மாற்றி மாற்றி எடுக்க வேண்டும். கேமரா முகப்பில் உட்காரும் எஃப்/2 தொலைநோக்கியில் ஃபில்டர் சக்கரம் வைத்தால் அதுவே ஒளியை மறைக்கும், ஃபில்டரை வைக்கும் சிறு இழுப்பறையான ஃபில்டர் டிராயரைக் கையால்தான் மாற்றியாக வேண்டும். ஆகவே புதியவர்களுக்கு நான் சொல்வது, குளிரூட்டும் வண்ணக் கேமராவும் ஒரு இரட்டைப் பட்டை ஃபில்டரும். ஐஎம்எக்ஸ்533 அல்லது ஐஎம்எக்ஸ்571 சென்சார் உள்ள கேமரா ஏதாவது ஒன்று பல ஆண்டுகளுக்குத் தாங்கும்.

சாதாரண டிஎஸ்எல்ஆர் கேமராவில் முயல்கிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அதன் சென்சாருக்கு முன் இருக்கும் ஃபில்டர் 656 நானோமீட்டர் ஒளியில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். அதை மாற்றிய கேமராவாக இருந்தால்தான் சிவப்பு நெபுலாக்கள் சரியாக வரும்.

இடைவெளியும் சாய்வும்

தொலைநோக்கியின் கரெக்டரிலிருந்து (மூலைவரை படத்தைச் சீராக்கும் லென்ஸ்) சென்சார் வரை இருக்க வேண்டிய தூரத்தை உற்பத்தியாளர் குறிப்பிட்டிருப்பார். பலவற்றில் அது 55 மி.மீ. இடையில் ஃபில்டர் வந்தால் அதன் கண்ணாடித் தடிமனில் மூன்றில் ஒரு பங்கை இதோடு கூட்ட வேண்டும். 2 மி.மீ. ஃபில்டருக்கு 0.7 மி.மீ. அளவு. எஃப்/5-இல் இது சிறிய விஷயம். வேகம் கூடும்போது மூலை நட்சத்திரங்கள் இதை உடனே காட்டிக்கொடுக்கும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு படம் எடுத்து நான்கு மூலைகளையும் முழு அளவில் பாருங்கள். நான்கிலும் நட்சத்திரங்கள் மையத்தை நோக்கி நீண்டிருந்தாலோ மையத்தைச் சுற்றி வளைந்திருந்தாலோ இடைவெளியில் பிழை. அரை மி.மீ. வளையங்களைக் கூட்டியோ குறைத்தோ பாருங்கள். மூன்று மூலை நன்றாக இருந்து ஒன்று மட்டும் சிறகு விரித்த பறவைபோல் வந்தால், அல்லது ஒரு பக்கம் கூர்மையாகவும் எதிர்ப்பக்கம் ஊதியும் இருந்தால் சாய்வு. ஏபிஎஸ்-சி சென்சார் 0.1 டிகிரி சாய்ந்தால் மூலைக்கு மூலை 50 மைக்ரான் வித்தியாசம் வருகிறது. எஃப்/2-இல் கூர்மையாகத் தெரியும் ஆழமே 10 முதல் 13 மைக்ரான்தான். அதனால் முதல் சந்தேகம் கேமராவின்மேல் வேண்டாம். தளர்ந்த திருகு, சரியாக முடுக்காத அடாப்டர், கேபிளின் இழுப்பு ஆகியவற்றைச் சரிபார்த்துவிட்டுச் சாய்வைத் திருத்தும் தட்டுக்குப் போங்கள். நான்கு மூலையையும் நூறு விழுக்காடு சரிசெய்ய நினைத்தால் இரவுகள் இதிலேயே போய்விடும். திரையில் முழுப் படத்தையும் பார்க்கும்போது கண்ணை உறுத்தாத அளவுக்கு வந்ததும் நிறுத்திவிடுங்கள்.

ஃபோகஸ்

இந்தத் துறையில் கூர்மைதான் உயிர். எஃப் எண்ணின் வர்க்கத்தைப் பொறுத்துத்தான் ஃபோகஸின் ஆழமும் மாறுகிறது. எஃப்/7-இல் 150 மைக்ரான் வரை சலுகை இருக்கும், எஃப்/4-இல் 50, எஃப்/2-இல் ஒரு தலைமுடியின் தடிமனைவிடப் பல மடங்கு குறைவு. 400 மி.மீ. அலுமினியக் குழாய் ஒரு டிகிரி வெப்பம் குறைந்தால் ஏறக்குறைய 9 மைக்ரான் சுருங்கும். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: மாலையில் சரியாக வைத்த ஃபோகஸ் இரவு குளிரக் குளிர நழுவிப்போவது ஏன் என்பது விளங்கும்.

வழி எளிது. தொலைநோக்கியை வெளியில் வைத்து ஒரு மணி நேரம் ஆறவிடுங்கள். பிறகு பாக்டினோவ் மாஸ்க் என்ற கோடு கோடான தகட்டை முகப்பில் மாட்டி, பிரகாசமான ஒரு நட்சத்திரத்தைப் பிடியுங்கள். ரஷ்ய அமெச்சூர் வானியலாளர் பாவெல் பாக்டினோவ் 2005-இல் உருவாக்கிய எளிய கருவி இது. திரையில் நட்சத்திரத்திலிருந்து மூன்று கோடுகள் கிளம்பும். இரண்டு பெருக்கல் குறிபோல் வெட்டிக்கொள்ளும், மூன்றாவது நடுவில் ஓடும். அந்த நடுக்கோடு வெட்டுப்புள்ளியை அச்சாகக் கடந்தால் ஃபோகஸ் சரி. ஃபோகஸரை மிக மெல்லத் திருப்ப வேண்டும். நடுக்கோடு ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் தாவிவிட்டால் கடந்துவிட்டீர்கள் என்று அர்த்தம். எப்போதும் ஒரே திசையில் திருப்பி முடியுங்கள், கியரின் தளர்ச்சி அப்போதுதான் தொந்தரவு செய்யாது.

ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஃபோகஸ் செய்யாதீர்கள். ஃபில்டர் உள்ளே வந்தால் குவியப்புள்ளி நகரும். எந்த ஃபில்டரில் எடுக்கிறீர்களோ அதோடுதான் ஃபோகஸ். நட்சத்திரம் மங்கலாகத் தெரிந்தால் எக்ஸ்போஷரை ஐந்து, பத்து விநாடிக்குக் கூட்டுங்கள். எஃப்/3-க்குக் கீழே இருப்பவர்களுக்கு மோட்டார் ஃபோகஸர் ஆடம்பரம் அல்ல. இரண்டு டிகிரி மாறினாலோ ஒரு மணி நேரம் ஆனாலோ தானே மறுபடி ஃபோகஸ் செய்யும்படி நினா மென்பொருளில் வைத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம்.

மவுண்ட்

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் குறைந்த குவியத்தூரம் இங்கே நமக்கு உதவுகிறது. பூமியின் சுழற்சிக்கு ஈடுகொடுத்துச் சுழலும் ஈக்வடோரியல் மவுண்ட் வேண்டும். அதன் அச்சை வான துருவத்தோடு மென்பொருளின் உதவியால் பொருத்துங்கள். ஒரு நட்சத்திரத்தைத் தொடர்ந்து கவனிக்கும் சிறிய கைடு கேமராவும் பிஎச்டி2 மென்பொருளும் மீதிப் பிழையைத் திருத்தும், இதுதான் கைடிங். கைடிங் பிழை ஒரு பிக்சலின் அளவுக்குக் கீழே இருந்தால் போதும், மேலும் குறைக்கப் போராட வேண்டாம். டிதரிங் வசதியைக் கட்டாயம் போட்டுவையுங்கள். சில படங்களுக்கு ஒருமுறை சட்டத்தைச் சில பிக்சல் நகர்த்தினால் சென்சாரின் நிரந்தரக் குறைகள் ஒரே இடத்தில் படியாது. வண்ணக் கேமராவில் இதைத் தவறவிட்டால் பின்னணியில் சாய்கோடுகள் ஓடும், அவற்றைப் பிறகு நீக்குவது பெரும்பாடு.

பனி படியும் இடமாக இருந்தால் முகப்புக் கண்ணாடிக்குச் சூடேற்றும் பட்டை தேவை. நெபுலா மெல்ல மெல்ல மங்கிக்கொண்டே போனால் முதலில் பார்க்க வேண்டியது பனியைத்தான்.

எக்ஸ்போஷர்

ஒவ்வொரு முறை சென்சாரைப் படிக்கும்போதும் ரீட் நாய்ஸ் என்ற ஒரு சிறு இரைச்சல் சேர்கிறது. ஒரு படத்தின் நேரம் அந்த இரைச்சலை வான வெளிச்சத்தின் இரைச்சல் அமுக்கிவிடும் அளவுக்கு இருக்க வேண்டும். கேமராவின் ரீட் நாய்ஸ் 1.5 எலக்ட்ரான் என்றால் அதன் வர்க்கத்தில் பத்து மடங்கு, அதாவது 22, 23 எலக்ட்ரான் அளவுக்குப் பின்னணி ஏறினால் போதும். அதற்குமேல் ஒரே படத்தை நீட்டுவதில் பெரிய லாபம் இல்லை. நட்சத்திரங்கள் வெளுத்துப்போவதுதான் மிச்சம்.

கணக்கெல்லாம் வேண்டாம், தொடங்க ஒரு எண் சொல்லுங்கள் என்பவர்களுக்கு: எஃப்/2-இல் 120 விநாடி, எஃப்/4 முதல் எஃப்/5 வரை 300 விநாடி. கேமராவை மைனஸ் 10 டிகிரிக்குக் குளிரவையுங்கள். கெயினை, அதாவது சென்சாரின் சிக்னலைப் பெருக்கும் அளவை, உற்பத்தியாளரின் வரைபடத்தில் ரீட் நாய்ஸ் சட்டென்று கீழே விழும் புள்ளியில் வையுங்கள்.

முதல் படம் திரையில் வந்ததும் ஏமாற்றமாக இருக்கும். கிட்டத்தட்டக் கறுப்பு, அங்கங்கே சில புள்ளிகள். மென்பொருளில் தானியங்கி ஸ்ட்ரெச் (மங்கலான பகுதிகளை வெளிச்சமாக்கிக் காட்டுவது) பொத்தானை அழுத்துங்கள். ரோசெட் என்றால், மணல் தூவியதுபோன்ற இரைச்சலுக்கு நடுவே ஒரு வளையத்தின் விளிம்பு மெல்ல எழும். அதற்குள் நட்சத்திரக் கூட்டமும் அதைச் சுற்றி ஒரு வெற்றிடமும் தெரியும். அந்த வெற்றிடம் நடுவிலுள்ள சூடான நட்சத்திரங்கள் தங்கள் காற்றால் குடைந்தது. நெபுலா சட்டத்தின் நடுவில் இருக்கிறதா, மூலை நட்சத்திரங்கள் வட்டமா, ஃபோகஸ் கூர்மையா என்று பாருங்கள். மூன்றும் சரி என்றால் தொடர்ந்து எடுக்கவிடுங்கள்.

மொத்த நேரம்தான் படத்தின் தரத்தைத் தீர்மானிக்கும். நேரம் நான்கு மடங்கானால் தெளிவு இரண்டு மடங்காகும். எஃப்/2-இல் இரண்டு மூன்று மணி நேரத்திலேயே பார்க்கத் தகுந்த படம் கிடைக்கும். எஃப்/5-இல் எட்டு, பத்து மணி நேரம் சேருங்கள், பல இரவுகளாகப் பிரித்தாலும் பரவாயில்லை. வட்டில் இடமும் வேண்டும். 26 மெகாபிக்சல் கேமராவின் ஒரு படம் 50 எம்பியைத் தாண்டும். இரண்டு நிமிடப் படங்களாக ஐந்து மணி நேரம் எடுத்தால் எட்டு ஜிபி வரை சேர்ந்துவிடும்.

நிலவு இருக்கும் இரவுகளையும் விட வேண்டாம். ஹைட்ரஜன் ஆல்பா நிலவொளியை நன்றாகத் தாங்கும். ஓ-3 அவ்வளவு தாங்காது, அந்த அலைநீளத்தில் நிலவொளி வளிமண்டலத்தில் அதிகம் சிதறுகிறது. மோனோ வைத்திருப்பவர்கள் நிலவு நாட்களில் ஹைட்ரஜனும் கந்தகமும், இருண்ட நாட்களில் ஆக்சிஜனும் என்று பிரித்துக்கொள்ளலாம்.

எதை முதலில் எடுப்பது?

ஓரியன் நெபுலாவில்தான் எல்லோரும் தொடங்குகிறார்கள். அது பிரகாசமானது, ஆனால் எளிதானது என்று சொல்ல மாட்டேன். அதன் நடுப்பகுதி நொடிகளில் வெளுத்துப்போகும். ஐந்து, பத்து விநாடிப் படங்களைத் தனியாக எடுத்துப் பிறகு கலக்க வேண்டும். முதல் இலக்காக ரோசெட் அல்லது வட அமெரிக்க நெபுலாவைத்தான் நான் சொல்வேன். தெற்கு வானம் தெரிகிறவர்களுக்குக் கரினா நெபுலா. லகூன் எனப்படும் எம்8 நெபுலா வடக்கு, தெற்கு இரு பக்கத்தாருக்கும் நல்லது. இரண்டாவதாக வெய்ல் (Veil, அதாவது முகத்திரை) நெபுலா. வெடித்துச் சிதறிய நட்சத்திரத்தின் எச்சமான இதில் சிவப்பு ஹைட்ரஜன் இழைகளும் நீலப்பச்சை ஆக்சிஜன் இழைகளும் பின்னிக்கிடக்கின்றன. இரட்டைப் பட்டை ஃபில்டரின் முழு மதிப்பும் இதில்தான் தெரியும். மூன்று டிகிரி அகலத்துக்கு விரிந்திருப்பதால் வேகமான, குறுகிய குவியத்தூரக் கருவிக்கு ரொம்பப் பொருத்தம்.

பிரகாசமான நட்சத்திரங்கள் சட்டத்துக்குள் வரும் இலக்குகளில் ஃபில்டரால் ஒளிவட்டம் தோன்றலாம். குதிரைத்தலை நெபுலாவுக்குப் பக்கத்தில் இருக்கும் ஆல்நிடாக் இதற்குப் பேர்போனது. உங்கள் ஃபில்டரைச் சோதிக்க வேண்டுமானால் அங்கே ஒருமுறை திருப்பிப் பாருங்கள்.

டார்க், ஃபிளாட்

டார்க் என்பது, சென்சாரின் சொந்தக் குறைகளைக் கழிப்பதற்காக மூடியைப் போட்டு, அதே வெப்பநிலை, அதே கெயின், அதே நேரத்தில் எடுக்கும் படம். இருபது முப்பது எடுத்துச் சேமித்துவைத்தால் மாதக்கணக்கில் பயன்படும். சீரான வெளிச்சத்தை எடுக்கும் படமான ஃபிளாட் அப்படி அல்ல. கேமராவைக் கழற்றினாலோ திருப்பினாலோ புதிதாக எடுக்க வேண்டும். வேகமான தொலைநோக்கிகளில் மூலைகள் நடுவைவிட நன்றாகவே இருண்டிருக்கும், ஃபிளாட் இல்லாமல் அது சரியாகாது. சீராக ஒளிரும் பலகையை முகப்பில் வைத்து, ஹிஸ்டோகிராமின் (படத்தின் வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) மேடு நடுப்பகுதிக்குச் சற்று முன்னால் நிற்கும்படி எடுங்கள். எக்ஸ்போஷர் ஒரு விநாடிக்குக் குறையாமல் இருந்தால் பலகையின் மினுக்கல் படியாது. ஃபில்டர் உள்ளேயே இருக்க வேண்டும், ஃபோகஸையும் தொடக்கூடாது.

பலகை இல்லாமல் அந்தி வானத்தில் ஃபிளாட் எடுப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நெபுலாவுக்கான ஹைட்ரஜன் ஆல்பா ஃபில்டர் சூரியனைப் பார்ப்பதற்கான ஃபில்டர் அல்ல. பெயர் ஒன்றுபோல் இருப்பதால் குழப்பம் வருகிறது. இதை நம்பிச் சூரியன் பக்கம் திருப்பினால் கண்ணும் போகும், கேமராவும் போகும்.

கணினியில்

சிரில் இலவச மென்பொருள், தொடங்க அதுவே போதும். வண்ணக் கேமராப் படங்களை ஹைட்ரஜன், ஆக்சிஜன் என்று இரண்டு தனிப் படங்களாகப் பிரித்துத் தரும் ஸ்கிரிப்ட் அதிலேயே இருக்கிறது. டார்க், ஃபிளாட், நெபுலாப் படங்கள் ஆகியவற்றோடு, ஸ்கிரிப்ட் கேட்கும் பயஸ் படங்களையும் (மூடியைப் போட்டு மிகக் குறைந்த எக்ஸ்போஷரில் எடுப்பவை) தனித்தனி ஃபோல்டரில் போட்டு ஓடவிட்டால், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி முடித்துத் தரும்.

அப்புறம் கிராக்ஸ்பெர்ட் மென்பொருள் கொண்டு பின்னணியின் ஏற்றத்தாழ்வைச் சமன்செய்யுங்கள். ஸ்டார்நெட் மென்பொருள் கொண்டு நட்சத்திரங்களைத் தனியே பிரித்தெடுங்கள். ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் சேர்ப்பதற்கு முன்பே தனித்தனியாக ஸ்ட்ரெச் செய்ய வேண்டும். ஆக்சிஜன் பெரும்பாலும் ஹைட்ரஜனைவிட மிக மங்கல், ஒரே அளவில் இழுத்தால் படம் முழுக்கச் சிவப்பாகிவிடும். ஆக்சிஜனைத் தனியாக உயர்த்தி, பின்னணி இரைச்சல் எழத் தொடங்கும் இடத்தில் நிறுத்துங்கள். பிறகு ஹைட்ரஜனைச் சிவப்புக்கும், ஆக்சிஜனைப் பச்சைக்கும் நீலத்துக்கும் கொடுத்தால் எச்ஓஓ படம். கந்தகமும் இருந்தால், கந்தகம் சிவப்பு, ஹைட்ரஜன் பச்சை, ஆக்சிஜன் நீலம் என்று வைப்பது எஸ்எச்ஓ. 1995-இல் ஹபிள் எடுத்த 'படைப்பின் தூண்கள்' படத்தால் புகழ்பெற்ற வண்ணமுறை இது. ஹைட்ரஜன் எல்லாவற்றையும் விஞ்சுவதால் முதலில் படம் பச்சையாகத்தான் வரும். பச்சையைப் படிப்படியாகக் குறைத்தால் பொன்னிறமும் நீலமும் எழும்.

நட்சத்திரங்களின் நிறம் இந்த ஃபில்டர்களில் சரியாக வராது, அதை நிறத் திருத்தத்தால் கொண்டுவர முயல்வதும் வீண். ஃபில்டரைக் கழற்றிவிட்டு, ஃபோகஸைப் புதிதாகச் சரிசெய்து, பத்து முதல் முப்பது விநாடிப் படங்களாக அரை மணி நேரம் தனியே எடுங்கள். நட்சத்திரங்களை அதிலிருந்து எடுத்து நெபுலாவின்மேல் வையுங்கள். நீல நட்சத்திரங்கள் நீலமாகவும் ஆரஞ்சு நட்சத்திரங்கள் ஆரஞ்சாகவும் வந்து உட்காரும்போது படத்துக்கு ஒரு ஆழம் வருகிறது. நேரம் குறைவு என்று பலர் இந்தப் படியை விட்டுவிடுகிறார்கள். செய்து பார்த்தவர்கள் விடமாட்டார்கள்.

அடுக்கி முடித்த பிறகும் மூலப் படங்களை அழிக்காதீர்கள். எந்தத் தொலைநோக்கி, எந்த ஃபில்டர், எந்தக் கெயின், கேமரா எத்தனை டிகிரி திரும்பியிருந்தது என்று ஒரு குறிப்பும் அந்த ஃபோல்டரிலேயே இருக்கட்டும். அடுத்த ஆண்டு அதே நெபுலா மேலே வரும்போது பிளேட் சால்விங் (படத்திலுள்ள நட்சத்திரங்களை வைத்து வானத்தின் இடத்தையும் கோணத்தையும் மென்பொருள் கண்டுபிடிப்பது) கொண்டு கேமராவை அதே கோணத்துக்குத் திருப்பி, இன்னும் சில மணி நேரத்தைப் பழையதோடு சேர்த்துவிடலாம்.